கதவுக்கு அந்தப் பக்கம்

அன்று மதியம் நாங்கள் மூன்று பேர் எல்க் ஓடையின் கரையோடு மலையேறிப் போனபோது எனக்குப் பயம் எதுவும் இல்லை. அக்காவைப் பார்க்கப் போகிற சந்தோஷம்தான் இருந்தது. தோளில் துப்பாக்கி, இடுப்பில் வெடிமருந்துக் கொம்பு, சட்டைக்குள் அவளுக்கென்று ஒரு சின்ன மூட்டை உப்பு. அந்த இலையுதிர் காலத்தில் மலைக்கு இந்தப் பக்கம் உப்பைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாக இருந்தது.

பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை மூண்டிருந்த சமயம். இந்த அமெரிக்கக் காட்டின் பழங்குடிகளான ஷானிகள் எங்கள்மேல் கொதித்துப் போயிருந்தார்கள். அவர்கள் வேட்டையாடிய காட்டை வெட்டி நாங்கள் சோளம் போட்டிருந்தோம், கோபம் இருக்காதா? பள்ளத்தாக்கில் சிதறிக் கிடந்த குடும்பங்கள் எல்லாம் கெர் கோட்டைக்குள் வந்து அடைந்துவிட்டன. கோட்டை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கூர்சீவிய மரங்களை நெருக்கி நட்ட வேலி, நடுவில் ஒரு கிணறு, மாடும் பன்றியும் மனிதரும் ஒரே சேற்றில். அங்கே வராமல் இருந்தது ஒரே குடும்பம். என் அக்கா இஸ்பெல், அவள் புருஷன் கோல்டர், அவர்களுடைய நாலு வயது மகள் ஃபீபி.

கோல்டர் மச்சான் பிடிவாதக்காரர். ஓடைத் தலைப்பில் இருக்கும் அந்த மரவீட்டை அவர் கட்டவில்லை. ஆளில்லாமல் கிடந்ததைக் கண்டுபிடித்தார். உள்ளே சட்டி பானை அப்படியே இருந்ததாம், கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்ததாம். முன்னே குடியிருந்தவர்கள் யார், எங்கே போனார்கள் என்று பள்ளத்தாக்கில் யாருக்கும் தெரியவில்லை. “கட்டின வீடு சும்மா கிடைக்குது, வேணாம்பானா எவனாவது?” என்று சிரித்துக்கொண்டே குடியேறினார். இப்போது விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். எப்படியாவது பேசி அழைத்து வரச் சொல்லித்தான் கோட்டைக் கேப்டன் எங்களை அனுப்பினார்.

கூட வந்தவர்களில் ஒருவர் சார்ஜென்ட் பாலன்டைன். நரைத்த தாடி, அதிகம் பேசமாட்டார், ஊர்க்காவல் படையில் அவர் சொன்னால் எவனும் மறுபேச்சுப் பேசமாட்டான். இன்னொருவன் ஸ்டோவர். கீழ்ப் பள்ளத்தாக்கில் வண்டிச் சக்கரம் செய்கிற ஜெர்மன் குடும்பத்துப் பையன். என் வயதுதான், ஆனால் என்னைப்போல் இரண்டு மடங்கு உடம்பு. வழி முழுக்க அவன் வாய் ஓயவில்லை.

“ஏன் மாப்ள நினியன், உங்க அக்கா ரொட்டி சுடுவாளா, இல்ல உன்ன மாதிரி கரிய சுடுவாளா?”

“போய்த் தின்னு பாரு. அப்புறம் அங்கயே கெடப்ப, கோட்டைக்கு வரமாட்ட.”

“கெடந்துட்டாப் போச்சு! அந்தக் கோட்டைல பன்னிக்குப் பக்கத்துல படுக்குறதுக்கு இது தேவலாம்.”

“வாய மூடிக்கிட்டு வாங்கடா,” என்றார் சார்ஜென்ட். “காட்டுக்குக் காது இருக்கு.”

பாதி மலை ஏறியபோது மூடுபனி இறங்கியது. எங்கள் மலையில் அது புதிதல்ல. ஆனால் அன்று காற்றே இல்லை. ஈர இலையின் வாடையும் பாசி வாடையும் மூக்கை அடைத்தன. பத்தடிக்கு முன்னால் நடக்கும் சார்ஜென்டின் முதுகு தெரியவில்லை. அவருடைய தோல்செருப்பு இலையை மிதிக்கும் ஓசையைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். பறவை ஒன்றுகூடக் கத்தவில்லை.

முதலில் வந்தது ரொட்டி வாசனை. கணப்பின் முன்னால் பலகையில் தட்டி வைத்துச் சுடுகிற சோளரொட்டி. ஸ்டோவர் என் விலாவில் இடித்தான். அப்புறம் வெண்ணெய் கடைகிற சத்தம், தொப் தொப்பென்று. அப்புறம் அக்காவின் குரல். ஃபீபியை ஏதோ அதட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை சிரித்தது.

பனிக்குள்ளிருந்து வீடு எழுந்து வந்தது. கதவு சாத்தியிருந்தது. சாத்தித்தான் இருக்க வேண்டும், காலம் அப்படி.

“அக்கா! நாந்தான்!” என்று கதவைத் தட்டினேன்.

“வர்றேன்டா நினி. கையெல்லாம் மாவா இருக்கு.”

நின்றோம். ஸ்டோவர் தொப்பியைக் கழற்றித் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டான். உள்ளே தொப் தொப்பென்று கடைகிற சத்தம். யாரும் வரவில்லை.

“அக்கா, நனையுறோம். திற.”

“வர்றேன்டா நினி. கையெல்லாம் மாவா இருக்கு.”

அதே குரல். அதே இழுப்பு. ‘நினி’ என்கிற இடத்தில் அதே சின்னச் சிரிப்பு.

ஸ்டோவர் என்னைப் பார்த்தான். நான் மறுபடி தட்டினேன். நான் வாய் திறக்கவே இல்லை.

“வர்றேன்டா நினி. கையெல்லாம் மாவா இருக்கு.”

சார்ஜென்ட் என்னை ஒதுக்கிவிட்டுத் தோளைக் கொடுத்தார். கதவு தாழிட்டிருக்கவே இல்லை, தொட்டதும் திறந்துகொண்டது.

உள்ளே யாருமில்லை.

ரொட்டி வாசனை வாசற்படியோடு நின்றுவிட்டது. உள்ளே பழைய சாம்பலின் நாற்றமும் எலிப்புழுக்கையின் நாற்றமும்தான். கணப்பு சில்லென்று கிடந்தது. வெண்ணெய்ப் பீப்பாயின் அடியில் பால் காய்ந்து வெடித்திருந்தது. மரத்தொட்டியில் பிசைந்த மாவு கல்லாக இறுகியிருந்தது. அதில் இரண்டு கைகள் அழுத்திய தடம். என் அக்காவுக்கு இடது கைச் சுண்டுவிரல் வளைந்திருக்கும். தடத்திலும் வளைந்திருந்தது.

ரத்தம் இல்லை. எதுவும் உடையவில்லை. கோல்டரின் துப்பாக்கி கதவுக்கு மேலே மான்கொம்பில் அப்படியே இருந்தது. வீட்டுக்காரன் துப்பாக்கி இல்லாமல் வெளியே போகமாட்டான்.

“இது ஷானிங்க வேலை,” என்று ஸ்டோவர் கிசுகிசுத்தான். “வான்கோழி மாதிரி கத்துவானுங்க, ஆந்தை மாதிரி கத்துவானுங்க…”

“என் பேரச் சொல்லிக் கத்துவானுங்களா?” என்றேன். “வீட்ல இருக்கவங்க மட்டுந்தான் என்ன நினின்னு கூப்பிடுவாங்க.”

சார்ஜென்ட் அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். கதவைச் சாத்திக் குறுக்குக் கட்டையைப் போட்டார். வெளியே எதிரி இருந்தால் பனி விலகும்வரை சுவருக்குள் இருப்பதே மேல். ஆளுக்கு ஒரு சுவராகத் துப்பாக்கித் துளைகளில் கண்ணை வைத்தோம். வெள்ளைப் பனியும், வெட்டிய மரத்தின் கரிய அடிக்கட்டைகளும். வேறெதுவும் இல்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது.

மெதுவாக. கை மரத்துப் போனவர்கள் தட்டுவதுபோல.

“நினி. கதவத் திறடா. குளுருது.”

என் அக்காதான். இந்தத் தடவை வெளியிலிருந்து.

“பாப்பாவுக்கு ஒதடெல்லாம் நீலமாயிடுச்சுடா. திற.”

நான் கதவுக்குப் பாய்ந்தேன். சார்ஜென்ட் என் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தார். “கதவுக்குப் பக்கத்துத் தொளையில நாந்தான் பாத்துக்கிட்டிருக்கேன்,” என்று காதருகில் சொன்னார். அவருக்கு மூச்சு வாங்கியது. “வாசல் முழுசாத் தெரியுது. அங்க யாருமே இல்லடா.”

“நினி…”

குரல் கதவிலிருந்து நகர்ந்தது. இடப்பக்கச் சுவரோடு போனது, மரத்தைத் தடவிக்கொண்டே போகிற ஓசையோடு. பின்சுவருக்கு வந்தது. ஸ்டோவர் தன் துளையிலிருந்து பின்வாங்கினான். அவன் கண்ணுக்கு நேராகத்தான் அது பேசியது. ஆனால் அவனுக்குப் பனிதான் தெரிந்தது. ஃபீபி விக்கி விக்கி அழுவதும் கேட்டது. அழுது ஓய்ந்த குழந்தை மறுபடி அழுமே, அந்த மாதிரி.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நாங்கள் கடல் தாண்டி வந்த கப்பலில் எங்கள் குட்டித் தம்பி வில்லி காய்ச்சலில் இறந்துபோனான். அன்று நடந்தது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

“அக்கா,” என்றேன். சுவரோடு வாயை வைத்து மறுபடி சொன்னேன். “அக்கா, அம்மா வில்லிய எதுல சுத்தி…”

“அப்பாவோட பச்சைக் கோட்டுல,” என்றது குரல், நான் முடிப்பதற்குள். “கடல்ல விடறதுக்கு முன்னால பொத்தான எல்லாம் அறுத்து எடுத்துக்கிட்டா. நீ அதுக்காக அம்மாவ அடிச்ச. ஏன்டா இதெல்லாம் இப்ப கேக்குற? கால் வெறைக்குதுடா.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உங்களால் முடியுமா? நான் கட்டையைத் தூக்கினேன். ஸ்டோவரும் ஒரு பக்கம் பிடித்தான். சார்ஜென்ட் எங்களைத் தடுக்கவில்லை. துப்பாக்கியை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

கதவைத் திறந்தோம். பனி மட்டும் உள்ளே வந்தது.

வாசற்கல்லில் ஒரு குழந்தையின் ஈரக் காலடிகள் இரண்டு இருந்தன. விரல்கள் கதவைப் பார்த்தபடி. கல்லுக்கு அப்பால் சேற்றில் ஒரு தடமும் இல்லை.

“ஐயோ, வெறுங்காலோட நிக்குது புள்ள,” என்றான் ஸ்டோவர். அவனுக்குக் குழந்தைகள் என்றால் உயிர். கோட்டையில் எப்போதும் இரண்டு மூன்று அவன் தோளில் தொங்கும். நாங்கள் பிடிப்பதற்குள் துப்பாக்கியும் கையுமாக வெளியே இறங்கிவிட்டான். “ஃபீபி! வா கண்ணு, மாமாகிட்ட வா!”

“ஸ்டோவர், திரும்பி வாடா!” என்றார் சார்ஜென்ட்.

“சுத்திப் பாத்துட்டு வந்துடறேன், சார்ஜென்ட். வீட்ட ஒட்டியேதான் போறேன்.”

பனி அவனை மூடியது. சேற்றில் அவன் கால் பதியும் சத்தம் கேட்டது. இடப்பக்கத்திலிருந்து, “ஃபீபி.” பின்பக்கத்திலிருந்து, “ஃபீபி.” வலப்பக்கம் வர வேண்டும். நாங்கள் வாசலில் நின்று அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வரவில்லை.

“கண்டுபிடிச்சிட்டேன்,” என்றான் ஸ்டோவர்.

குரல் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வீட்டுக்குள்ளிருந்து.

“கண்டுபிடிச்சிட்டேன்பா. எல்லாரும் இங்கதான் இருக்காங்க.”

திரும்பினோம். காலி அறை. கணப்பு, தொட்டி, பீப்பாய்.

சார்ஜென்ட் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு ஓடினார். வீட்டைச் சுற்றினோம். சேற்றில் ஸ்டோவரின் பெரிய காலடிகள் தெளிவாக இருந்தன. இடப்பக்கம் போய்ப் பின்பக்கம் திரும்பி, பின்சுவரின் நடுவில் நின்றிருந்தன. கடைசி இரண்டும் சுவரை நோக்கி. கால்முனை பதிந்த இடம் மரத்தை ஒட்டியிருந்தது. அதற்கு மேல் தடம் இல்லை.

முன்பக்கம் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. அப்புறம், உள்ளே குறுக்குக் கட்டை விழுந்தது.

நாங்கள் வாசலுக்கு வந்தபோது மறுபடி ரொட்டி வாசனை. உள்ளே வீடு நிறைய ஆட்களின் சத்தம். கோல்டர் மச்சான் இருமினார். ஸ்டோவர் எதற்கோ சிரித்தான். இன்னும் யார் யாரோ பேசினார்கள். ஒரு கிழவனின் குரல், ஒரு கைக்குழந்தையின் அழுகை. அவர்களை எனக்குத் தெரியாது.

நான் இரண்டு கையாலும் கதவை அடித்தேன்.

உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது.

“யாரோ தட்டுறாங்க,” என்றாள் அக்கா.

“திறக்காத,” என்றார் கோல்டர். “நான் தொளை வழியாப் பாக்குறேன். வெளியில ஆளே இல்ல.”

“அக்கா! நாந்தான்! நினி! உன் தம்பி!”

உள்ளே அவள் அழத் தொடங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுவது எனக்குத் தெரிந்தது.

“அப்படியே நினி குரல் மாதிரியே பேசுதே. கடவுளே, அப்படியே அவன மாதிரியே பேசுதே!”

“காதப் பொத்திக்க,” என்றான் ஸ்டோவர், மெதுவாக, பரிவாக. “கொஞ்ச நேரம் கத்தும். அப்புறம் போயிடும்.”

நான் என்னென்ன கத்தினேன் என்று தெரியாது. அக்கா உள்ளே வேதப் புத்தகத்துச் சங்கீதம் ஒன்றைப் பாட ஆரம்பித்தாள், என் குரலை மறைப்பதற்காக. பயந்தால் நாங்கள் எல்லாரும் பாடுகிற அதே சங்கீதம். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். சார்ஜென்ட் விறகுக் குவியலிலிருந்து கோடரியை எடுத்து வந்து வெட்டினார். தெறித்த சிம்பு என் கன்னத்தைக் கிழித்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளே குழந்தைகள் அலறின. அந்த அலறலைக் கேட்டுக்கொண்டே அவர் வெட்டினார், தாடியில் கண்ணீர் ஓட.

பலகை பிளந்தது. பாட்டு பாதிச் சொல்லில் நின்றது.

உள்ளே சாம்பல் நாற்றம். காலி அறை. ஸ்டோவரின் துப்பாக்கி கணப்பின் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தது, துளி ஈரமில்லாமல்.

நாங்கள் கோட்டைக்கு வந்து சேர்ந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் கேப்டன் இருபது பேரோடு எங்களையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தார். மலை முழுக்கத் தேடினார்கள். ஒரு அம்பு இல்லை, ஒரு தடம் இல்லை, பிணம் இல்லை. வீட்டைச் சுற்றி நின்று கேட்டார்கள். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கேப்டன் என் முகத்தையும் சார்ஜென்டின் முகத்தையும் பார்த்தார். எங்களைப் பொய்யர்கள் என்று அவர் சொல்லவில்லை.

“கொளுத்துங்கடா,” என்றார்.

நான் வாசலில் போய் விழுந்தேன். “அவ உள்ள இருக்கா, கேப்டன். என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல, ஆனா அவ உள்ள இருக்கா. குழந்தை இருக்கு. வேணாம்.”

நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு போய் அடிக்கட்டை ஒன்றின்மேல் உட்கார்த்திப் பிடித்துக்கொண்டார்கள். சார்ஜென்ட் பாலன்டைன் என் முன்னால் வந்து நின்று, நான் பார்க்காதபடி தன் கோட்டை விரித்துப் பிடித்தார். வீடு எரிந்தது. காய்ந்த மரம், சீக்கிரம் எரிந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். தீயின் சடசடப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு ஏதோ ஒரு முடிவு கிடைத்திருக்கும்.

குளிர்காலம் முடிந்ததும் நான் படையிலிருந்து விலகிக் கீழ்ப் பள்ளத்தாக்குக்கு இறங்கினேன். ஸ்டோவரின் வீட்டுக்குப் போய் அவன் துப்பாக்கியைக் கொடுத்தேன். என்ன நடந்தது என்று அவன் அம்மா கேட்டபோது, ஷானிகளோடு நடந்த சண்டையில் போய்விட்டான் என்றேன். வேறென்ன சொல்வது? அவன் தங்கை லேனா மட்டும் நான் சொன்னதை நம்பவில்லை. ஆனால் அவள் அவசரப்படுத்தவில்லை. நான் அங்கேயே தங்கிச் சக்கர வேலை கற்றுக்கொண்டேன். அடுத்த வருடம் அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன். ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “அண்ணன் சிரிச்சானா?” என்று மட்டும் கேட்டாள். சிரித்தான் என்றேன்.

நாங்கள் கட்டிய வீடு புதியது. ஒவ்வொரு மரமும் நான் வெட்டியது, நான் இழைத்தது. அதில் எங்களுக்கு முன்னால் யாரும் குடியிருந்ததில்லை. மகள் பிறந்தாள். நான் நன்றாகத் தூங்கத் தொடங்கியிருந்தேன்.

இந்த வசந்தத்தில் ஒருநாள் பின்மதியம், சோளத்தை அரைத்து எடுத்துக்கொண்டு வண்டியில் திரும்பினேன். மழை. தூரத்திலிருந்தே லேனா எங்கள் வாசலில் நிற்பது தெரிந்தது. அக்கம்பக்கத்தில் எங்கோ போய்விட்டு வந்திருக்கிறாள். முதுகு என் பக்கம். மகளைக் கம்பளியில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். தொப்பலாக நனைந்துகொண்டு கதவைத் தட்டினாள்.

“இன்னும் எவ்வளவு நேரம் நிக்கிறது? வெளையாடாதீங்க, திறங்க!”

“லேனா,” என்றேன்.

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். வண்டியை, மாவு மூட்டையை, நனைந்த என் தொப்பியைப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்துப்போனது.

“நீங்க உள்ள இருந்தீங்களே,” என்றாள். “‘மெதுவாத் தட்டு, குழந்தை இப்பத்தான் தூங்குது’ன்னு சொன்னீங்களே.”

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் தாழ்ந்த குரலில் தாலாட்டிக்கொண்டிருந்தான். அந்தக் குரலை நான் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. அதனால் அது என்னுடையது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எங்கள் மகள் கம்பளியிலிருந்து தலையை நீட்டினாள். நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் செய்வதுபோல வாய் நிறையச் சிரித்தாள். இரண்டு கைகளையும் நீட்டித் தாவினாள்.

என்னைப் பார்த்து அல்ல. கதவைப் பார்த்து.